கீல் போட்ட படகு

ஆபீசர்கள் கிளப்புக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்ததை ஊரில் யாரும் படகு என்று சொன்னதில்லை. துரைத் தொட்டி என்பார்கள். சுரங்கத்தின் ஆரம்ப காலத்தில் மெஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர்களில் ஒருவர் கப்பலில் வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய குழியில் பாய் விரித்து ஓட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது அப்படியே போட்டுவிட்டுப் போனது. பாயை யாரோ லாரியை மூட எடுத்துக்கொண்டார்கள். கம்பம் பந்தல்காலாகப் போனது. மிச்சமிருந்த உடம்பின் மேல் கிளப் சமையல்காரர் வடகம் காயவைத்தார்.

அந்தத் தொட்டிதான் தனகோடியை பர்மனென்ட் ஆக்கப்போகிறது என்று சேதி வந்தபோது அவன் தங்கை ஆதிலட்சுமி, "யாரு சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்லசாமி சாரே சொன்னாரு. பெரிய எஞ்சினியரு. ஆண்டு விழாவுக்கு டெல்லிலேர்ந்து ஒருத்தரு வர்றாராம். அவருக்குப் பாய்மரப் படகுன்னா உசுராம். அதைச் சரிபண்ணி, சாரையும் ஏத்திகினு குழியில ஓட்டிக் காட்டிட்டா, விழா மேடையிலயே எனக்கு ஆர்டரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"வாயால சொன்னாரு. ஆபீசரு வாய் பொய் சொல்லுமா?"

"வாயால சொன்னதுலதான் நம்ம கொல்லை போச்சு."

தனகோடி சிரித்தான். எதற்கும் சிரிக்கிறவன் அவன். வடக்குத்து கிராமத்துக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு இருந்த முந்திரிக் கொல்லையைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்று யாரோ சொன்னார்களாம். யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். அப்பா கான்ட்ராக்டிலேயே இருந்து கான்ட்ராக்டிலேயே செத்தார். தனகோடி அதே கேட்டில் அதே மாதிரி பாஸை நீட்டிக்கொண்டிருந்தான். ஆதிலட்சுமி மட்டும் குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் பஸ்ஸில் போய் வந்து பி.எஸ்.சி. பிசிக்ஸ் முடித்து, எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, அம்மாவுக்கு மாவாட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பட்டத்தை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

"ஒண்ணு கவனிச்சியா," என்றான் தனகோடி. "அந்தக் குழி இருக்கற எடம் நம்ம கொல்லைதான. நம்ம கொல்லை மேலயே படகு வுடப் போறன்."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. பழைய குழி என்பது சுரங்கம் தொடங்குமுன் வெட்டிப் பார்த்துக் கைவிட்ட பள்ளம். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக் கொட்டிக் கொட்டி நிறைந்துவிட்டது. டவுன்ஷிப்காரர்கள் ஏரி என்பார்கள். ஏரி என்றால் கரை சரிந்து இறங்க வேண்டும், ஆடு மாடு கால் நனைக்க வேண்டும். இதற்கு அப்படியெல்லாம் கிடையாது. மெஷின் நறுக்கிய சுவர் நேராகக் கீழே போகும். கிளப்காரர்கள் கட்டிய ஒரே ஒரு படித்துறை. அங்கே வாத்துகூட இறங்கி அவள் பார்த்ததில்லை.

*

நல்லசாமி படகைச் சுற்றி வந்து என்னென்ன இல்லை என்று சொன்ன அன்று தனகோடியோடு அவன் ஜோடி ஆள் கொளஞ்சிநாதனும் இருந்தான். ஒரே கான்ட்ராக்டர், ஒரே கேங். இரண்டு பேரும் தச்சு வேலை, கொத்து வேலை, எது கிடைத்தாலும் செய்வார்கள்.

"மாஸ்ட் இல்லை. மாஸ்ட்டுன்னா நடுவுல நிக்கிற கம்பம். ரட்டர் இல்லை. அது பின்னாடி இருந்து திருப்பறது. செயில் இல்லை. பாய் கண்ணு, பாய். அப்புறம் கீல் இல்லை, பாத்துக்க. கீல் ரொம்ப முக்கியம். அது மட்டும் சரியா இல்லீன்னா இதைத் தண்ணியில எறக்கவே வேண்டாம்."

மாஸ்ட்டுக்கும் ரட்டருக்கும் அர்த்தம் சொன்னவர் கீலுக்குச் சொல்லவில்லை. தனகோடியும் கேட்கவில்லை. படகு என்றால் தார் காய்ச்சிக் கீல் பூசுவார்கள். கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் எந்தப் படகின் அடியைப் பார்த்தாலும் கறுகறுவென்று கீல்தான். இதில் கேட்க என்ன இருக்கிறது?

கேட்க ஏதாவது இருந்தாலும் கேட்டிருக்க மாட்டான். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு வழக்கம் உண்டு, திருப்பிக் கேட்கக் கூடாது. பர்மனென்ட் ஆள் 'என்ன சார் சொன்னீங்க' என்று நாலு தரம் கேட்கலாம். கான்ட்ராக்ட் ஆள் 'புரியலீங்க சார்' என்று சொன்னால், புரிகிற ஆள் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிறான்.

"கீலுதானுங்க சார், அது நம்ம கைவேலை. நீங்க ஊருக்குப் போயிட்டு நிம்மதியா வாங்க," என்றான் தனகோடி. நல்லசாமி கல்கத்தாவில் ஏதோ டிரெய்னிங்குக்குப் போய்விட்டார்.

வேலை நடந்தது. கரி பிளாண்டிலிருந்து டின்னில் கீல் வந்தது. டிரம்மில் காய்ச்சி, தேங்காய் நார்த் துடைப்பத்தால் கொளஞ்சிநாதன் கோட்டு மேல் கோட்டாக அடித்தான். தனகோடி வீட்டுக்குள் நுழையும்போதே அந்த வாடை முன்னால் நுழையும். சோறு, தண்ணீர், தலையணை எல்லாம் கீல் வாடை. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பரிமாறினாள்.

படகின் அடியில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. இரண்டு விரல் அகலம், ஒரு ஆள் கை நீளம். உள்ளே அதற்கு நேர் மேலே மேலும் கீழும் திறந்த ஒரு குறுகல் மரப்பெட்டி. ஆதிலட்சுமி மத்தியானச் சோறு கொண்டுபோனபோது இரண்டு பேரும் அதைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"அது பீரு வக்கிற பொட்டி, பங்காளி," என்றான் கொளஞ்சிநாதன். "கீழ வழியா தண்ணி வருதில்ல, பாட்டிலு ஜில்லுனு இருக்கும். வெள்ளைக்காரன் மூளைய பாத்தியா."

"நல்லசாமி சாரு பீரு குடிக்க மாட்டாரு. கால் நீட்டத்தான் எடம் வேணும் அவருக்கு," என்றான் தனகோடி.

பெட்டியை அறுத்து எடுத்துவிட்டார்கள். கீறலின் மேல் தேக்குச் சட்டம் வைத்து அடித்து, ஆணித் தலை தெரியாமல் கீலை ஊற்றினார்கள். பெட்டி இருந்த இடத்தில் உட்காரப் பலகை போட்டார்கள். அறுத்த மரத்தை தனகோடி சாக்கில் கட்டி வீட்டுக்கு அனுப்பினான். நல்ல மரம், புகையில்லாமல் எரிந்தது. கம்பத்துக்கு ஸ்கிராப் யார்டிலிருந்து இரும்புக் குழாய். தூக்கி நிறுத்த நாலு ஆள் வேண்டியிருந்தது. பாய்க்கு புதுத் தார்ப்பாய்.

"பர்மனென்ட் ஆனதும் நம்மள மறந்துடாத," என்றான் கொளஞ்சிநாதன்.

"குவார்ட்டர்ஸ் கெடைச்சதும் மொதல் சோறு ஒனக்குத்தான்டா."

"சோறு வேணாம். ஒன் ஆர்டரக் காட்டு, கண்ணுல ஒத்திக்கறன்."

அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கேட்கத்தான் சிரிப்பாக இல்லை.

*

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நல்லசாமி திரும்பி வந்து பார்த்தார். படகு மணல் மூட்டைகள் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மேல்பக்கம் வெள்ளை பெயிண்ட், உள்ளே தேங்காய்நார் மிதியடி. அவர் குனிந்து பார்க்கவில்லை. வெளுத்த பேன்ட் போட்டிருந்தார்.

"கீல் என்னாச்சு?"

"ஜம்முனு போட்டாச்சுங்க சார்."

"மேல கீழ ஈஸியா போகுதா?"

தனகோடி ஒரு நொடி முழித்தான். "போவுதுங்க சார்."

"வெயிட்டு போதுமா?"

"கரெக்டா இருக்குதுங்க சார்."

தூக்குச்சட்டியோடு நின்ற ஆதிலட்சுமி சட்டியைத் தரையில் வைத்துவிட்டாள். பூசிய கீல் எப்படி மேலே கீழே போகும்? பூசிய கீலுக்கு என்ன வெயிட்டு? இரண்டாம் வருஷப் புத்தகத்தில் மிதக்கும் பொருள்கள் பாடத்தில் குறுக்கே வெட்டிய கப்பல் ஒன்று இருந்தது. அதன் அடி முனையில் கே என்ற எழுத்து. கே என்றால் கீல். கப்பலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த பாகம், சாய்ந்தால் அதை நிமிர்த்துவது. பரீட்சைக்கு அவள் அதை வரைந்து அம்புக்குறி போட்டிருக்கிறாள். இவ்வளவு நாளும் வீட்டில் தனகோடி 'கீலு, கீலு' என்று சொன்னபோது அவள் மூக்குக்கு வாடை வந்ததே தவிர மண்டைக்கு அந்தப் படம் வரவில்லை.

அந்தப் பெட்டி பீர் பெட்டி இல்லை. இரும்புத் தகடு இறங்குகிற வழி.

இப்போது மேலே நாலு ஆள் தூக்கும் குழாய். கீழே ஒன்றும் கிடையாது.

சாயங்காலம் அண்ணன் காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் சொன்னாள். அவன் முதலில் வழக்கம்போலச் சிரித்தான்.

"கீலுன்னா கீலுதான். இங்கிலீஷ்ல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணா?"

"ஆமாண்ணா. அவரு சொன்னது இங்கிலீஷ் கீலு. நீ பூசினது தமிழ் கீலு."

"இத கண்டுபுடிக்கத்தான் கடலூருக்குப் போயி படிச்சியா?"

"வெளையாடாத. அது ஒரு காத்துக்குத் தாங்காது. கம்பம் இழுத்து அப்படியே போட்டுடும்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை. அடுப்பில் அந்தப் பெட்டியின் கடைசித் துண்டு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"சாருகிட்ட சொல்லிடு," என்றாள்.

"சொன்னா? தாரு பூசுன தனகோடின்னு டவுன்ஷிப்புல பிளாக் பிளாக்கா சிரிப்பானுங்க. அது போவட்டும். ஆர்டரு?"

"உசுரு?"

"நான் கெணத்துல குதிச்சு வளந்தவன். எனக்கு இன்னா ஆவும்? ஒரு சுத்து. படித்துறையிலேர்ந்து போயி படித்துறைக்கு வந்துட்டா முடிஞ்சுது. காத்தில்லன்னா பாயி சும்மா தொங்கும்."

"ஒங்கூட சாரும் ஏறுறாரே. அவருக்கு நீச்சல் தெரியுமா?"

தனகோடி தட்டைத் தள்ளி வைத்தான். வெளியே நின்றிருந்த அம்மா உள்ளே வந்து, "காரியம் நடக்கறப்ப வாய வெச்சிகினு சும்மா இரு ஆதி," என்றாள். அம்மாவுக்குக் கீல் எதுவும் தெரியாது. பர்மனென்ட் மட்டும் தெரியும்.

*

மறுநாள் காலை ஆதிலட்சுமி நல்லசாமி பங்களாவுக்குப் போனாள். கேட்டில் நாய் குரைத்தது, வேலைக்காரம்மா வந்து என்ன வேணும் என்றாள், சாரைப் பார்க்கணும் என்றாள் இவள். மல்லிகைப் பந்தலுக்குக் கீழே நிற்கவைத்தார்கள். அவர் பேப்பரோடு வந்தார்.

"யாரும்மா?"

"தனகோடி தங்கச்சி சார். பி.எஸ்.சி. பிசிக்ஸ்." எதற்கு அதைச் சொன்னாள் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. "அந்தப் படகுல கீல் இல்ல சார்."

"போட்டாச்சுன்னானே."

"அவன் போட்டது தார் சார். எங்க ஊர்ல தாருக்குப் பேர்தான் கீல். கீழ இருந்த ஓட்டைய அடச்சு, பெட்டிய அறுத்துட்டாங்க."

அவர் சிரித்தார். நன்றாகச் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு. துடைக்கும்போதே சிரிப்பு நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை முதல் தடவையாகப் பார்த்தார்.

"இதை வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

"நாளைக்கு ஓட்டக் கூடாது சார். கவுந்துடும்."

"நான் பாத்துக்கறேன்னு சொன்னனில்ல. உங்கண்ணன் பேரை மேல அனுப்பியிருக்குது, தெரியுமா? சின்ன விஷயத்துல கெடுத்துக்காதீங்க. போம்மா."

அவள் நடந்து வந்தாள். பாத்துக்கறேன் என்றால் நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்துக்கொண்டாள். தானும் ஏறுகிற படகை எவன் நிறுத்தாமல் இருப்பான்? ஆனால் பந்தல்காரர்கள் படித்துறைப் பக்கம் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலமும் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

*

விழா அன்று காலையிலிருந்தே காற்று. சுரங்கப் பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் புழுதியைத் தூக்கிக்கொண்டு வந்தது. பந்தல் தோரணங்கள் ஒரே பக்கமாகப் படபடத்தன. மரங்களில் கட்டிய புனல் ஒலிபெருக்கிகளில் மைக்செட்காரர் நாதஸ்வரம் போட்டிருந்தார். டெல்லி விருந்தாளி கறுப்புக் கண்ணாடியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, காற்றைப் பார்த்து, "குட் விண்ட்," என்று சந்தோஷப்பட்டார்.

தனகோடிக்கு வெள்ளைச் சட்டை கொடுத்திருந்தார்கள். அவன் படித்துறையில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். கயிற்றில் கட்டியிருக்கும்போதே படகு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்ந்து ஆடியது. குழாய்க் கம்பம் வானத்தில் பெரிதாக வட்டம் போட்டது.

நல்லசாமி கோட்டும் டையுமாக, பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்தார். படகேறுகிறவன் உடுப்பு இல்லை அது.

"தனகோடி, நான் கெஸ்ட் பக்கத்துல இருந்தாகணும். நீயே ஓட்டிடு. ஒரு ரவுண்டு போதும்."

"சரிங்க சார்."

கூட்டத்தில் நின்ற ஆதிலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டது இதைத்தான். தன் உயிரை எடுத்து ஜாக்கிரதையாக முன்வரிசை நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினாள். யாரும் தடுக்குமுன் படகில் காலை வைத்து ஏறி, அந்தப் புதுப் பலகையில் உட்கார்ந்தாள். படகு அவள் பக்கம் சாய்ந்து தண்ணீரை முகர்ந்தது.

"இன்னாடி பண்ற. எறங்கு."

"நானும் வரேன். ஒரு சுத்துதான?"

"எல்லாரும் பாக்கறாங்க ஆதி. எறங்கு."

"பாக்கட்டும். கீலு சரியா இருக்குதில்ல? அப்பறம் எதுக்கு எறங்கச் சொல்ற?"

அவனால் சிரிக்க முடியவில்லை. குரலைத் தாழ்த்தினான். "ஒனக்கு நீச்சல் தெரியாது."

"தெரியாது. தள்ளு."

அவன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். மேடைப் பக்கம் பார்த்தான். தாம்பாளத்தில் மாலை, அதன் மேல் பழுப்பு நிற உறை. மறுபடியும் அவளைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்து, தோள் வலிக்கும்படி இழுத்துப் படியில் நிறுத்தினான். அவனும் மேலே ஏறி நின்றான்.

"முடியலீங்க சார்," என்றான் சத்தமாக. "என்னால ஓட்ட முடியாதுங்க."

ஆதிலட்சுமி மூச்சு விட்டாள். அண்ணன் பிழைத்தான். ஆர்டர் போனால் போகட்டும், மாவாட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

நல்லசாமி மைக்கை வாங்கினார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"தனகோடிக்கு உடம்பு சரியில்லை போலிருக்குது. பரவாயில்லை. இந்த வேலையில அவனோட இருந்தவங்க யாராச்சும் இருந்தா வரலாம்."

சொல்லி வாயை மூடவில்லை, கூட்டத்துக்குள்ளிருந்து கொளஞ்சிநாதன் சட்டையைக் கழற்றித் தன் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தான். கண் இரண்டும் தாம்பாளத்தில் இருந்தன.

தனகோடி அவன் முண்டாவைப் பிடித்தான். "வேணாம்டா. அதுல கீலு இல்ல."

"கீலு இல்லயா?" கொளஞ்சிநாதன் கையை உதறிக்கொண்டு சிரித்தான். "நாந்தானடா கோட்டு கோட்டா அடிச்சன். ஒனக்கு வேணாம்னா வுடு பங்காளி. எனக்கும் புள்ள இருக்குது."

"அந்தக் கீலு இல்லடா, இது வேற—"

ஒலிபெருக்கியில் பாண்டு வாத்தியம் கிளம்பிவிட்டது. கொளஞ்சிநாதன் ஒற்றைக் காலால் படித்துறையை உந்தினான். தார்ப்பாயை அவிழ்த்தான். காற்று அதற்காகவே காத்துக்கிடந்த மாதிரி ஒரே அறையில் நிரப்பியது. படகு பாய்ந்தது. முன்வரிசை கை தட்டியது, அப்புறம் மொத்தக் கூட்டமும் கை தட்டியது. அவன் பெண்டாட்டியும் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினாள். நடுக்குழியில் அவன் திரும்பி ஒரு கையைத் தூக்கிக் காட்டினான்.

கம்பம் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. அவசரமே இல்லாமல், அலுத்துப்போன மனுஷன் பாயில் படுக்கிற மாதிரி, கம்பம் தண்ணீரில் படுத்து உள்ளே போனது. படகின் அடி மேலே வந்தது. கறுப்பாக, வழவழப்பாக, வெயிலில் மின்னிக்கொண்டு. அதில் பிடிக்க ஒரு முனைகூட இல்லை. ஒரு கை அதன் மேல் வந்தது, வழுக்கியது, மறுபடி வந்தது. பிறகு வரவில்லை. தார்ப்பாயும் கயிறும் குழாயும் அடியில் இருந்தன.

தனகோடி ஏற்கெனவே தண்ணீரில் இருந்தான்.

பாண்டு வாத்தியம் நின்றது. நல்லசாமி கையில் மைக் இருந்தது. ஆதிலட்சுமி படிகளில் ஏறிப் போய் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இவருக்குத் தெரியும்," என்றாள். மரத்துக்கு மரம் அவள் குரல் கேட்டது. "நேத்தே நான் போய் சொன்னேன். தெரிஞ்சுதான் இவரு ஏறல. தெரிஞ்சுதான் இன்னொருத்தனக் கூப்பிட்டாரு."

யாரோ ஒயரை இழுத்தார்கள். மிச்சத்தை அவள் வெறும் வாயால் சொன்னாள். கொளஞ்சிநாதனின் பெண்டாட்டி அவளையும் நல்லசாமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு படித்துறையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

படகுக்குப் பக்கத்தில் தனகோடி தலை மேலே வந்தது. அவன் மட்டும்தான். கரைப் பக்கம் பார்க்காமல் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனான்.